வீட்டில் கட்டும் கண்டென்சர் மைக்குக்கு எந்தக் காப்ஸ்யூல்?

"இது என் சாப்பு இல்லையே தம்பி. தகரத்தைத் தட்டின மாதிரி இருக்கு."

என் கையால் கட்டிய முதல் கண்டென்சர் மைக்கில் பதிவான மிருதங்கத்தைக் கேட்டுவிட்டு மாடிவீட்டு வித்வான் சொன்னது இது. அவர் சொன்னது சரிதான். வலப்பக்க வலந்தலையின் மீட்டு, சாப்பு அடிகள் பல் கூசும் அளவுக்கு மினுங்கிக்கொண்டு வந்திருந்தன. இடப்பக்கத் தொப்பியின் கும்கி நாதம் எங்கோ பின்னால் ஒதுங்கிக் கிடந்தது. மூன்று நாள் சர்க்யூட்டைத் துழாவினேன். வோல்ட்டேஜ் சரி, சாலிடர் சுத்தம், இரைச்சலும் குறைவு. பிறகுதான் பிடிபட்டது: நான் வாங்கிய காப்ஸ்யூலும் (மைக்கில் ஒலியை வாங்கும் சவ்வுப் பகுதி) நான் கட்டிய சர்க்யூட்டும் ஒன்றுக்காக ஒன்று செய்யப்பட்டவை அல்ல.

அதற்குப் பிறகு ஆறு மைக் கட்டிவிட்டேன். புதிதாகக் கட்ட வருகிறவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது இரண்டு பிரபலக் காப்ஸ்யூல் வகைகளைப் பற்றிய ஒரே கேள்வி: "கே47 நல்லதா, கே67 நல்லதா?" அந்தக் கேள்வியோடு இன்னும் மூன்றைச் சேர்த்துக் கேட்க வேண்டும். எந்தச் சர்க்யூட்டோடு? எதைப் பதிவு செய்ய? எந்த ஊர்க் காற்றில்? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் காப்ஸ்யூல் தானாகவே முடிவாகிவிடும்.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். பெரிய காப்ஸ்யூல் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், விளிம்பை மட்டும் பிடித்து. சுமார் 34 மில்லிமீட்டர் அகலமுள்ள பித்தளை வளையம். அதன் மேல் தோல்வாத்தியத்துக்குத் தோல் இழுத்துக் கட்டியதுபோல ஒரு மைலார் பிளாஸ்டிக் சவ்வு. தடிமன் பெரும்பாலும் 6 மைக்ரான், சிலவற்றில் 3 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதன் மேல் ஆவியாகப் படிந்த தங்கப் பூச்சு. டார்ச்சைப் பின்னாலிருந்து சாய்த்து அடித்தால், பூச்சின் ஊடாகப் பின்தட்டில் துளைத்த ஓட்டைகளின் வரிசை நிழலாகத் தெரியும். சவ்வுக்கும் தட்டுக்கும் நடுவே முடியிழை அளவுகூட இடைவெளி இல்லை. இரண்டும் சேர்ந்து ஒரு கண்டென்சர், சுமார் 60 பிகோஃபாரட். ஒலி பட்டுச் சவ்வு அசைந்தால் இந்தக் கொள்ளளவு மாறும். தட்டில் நிலையான மின்னூட்டம் ஏறியிருந்தால் அந்த மாற்றம் வோல்ட்டேஜாக வெளிவரும். 1916இல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கில் ஈ. சி. வென்ட் செய்து காட்டிய இந்தத் தத்துவம் இன்றுவரை மாறவில்லை.

மாறுவது மூன்று விஷயங்கள்தான். பின்தட்டில் ஓட்டைகளும் அறைகளும் எப்படி அமைந்திருக்கின்றன, சவ்விலிருந்து கம்பி நடுவில் எடுக்கப்படுகிறதா ஓரத்தில் எடுக்கப்படுகிறதா, மின்னூட்டம் வெளியிலிருந்து வருகிறதா உள்ளேயே உறைந்திருக்கிறதா. கடைகளில் பார்க்கும் பெயர்களெல்லாம் இந்த மூன்றின் கலவைகள்.

கே67: மலிவாகக் கிடைப்பதும் அதிகம் ஏமாற்றுவதும்

இணையத்தில் "34 மிமீ காப்ஸ்யூல்" என்று தேடினால் வந்து விழுவதில் பெரும்பாலானவை இந்த வகையின் நகல்கள். நானும் முதலில் இதைத்தான் வாங்கினேன். ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஜெர்மனியின் நியூமன் நிறுவனம் 1960இல் யு67 மைக்கை வெளியிட்டபோது அதற்காகவே வடிவமைத்தது கே67 காப்ஸ்யூல். இரண்டு பின்தட்டுகள், ஒன்றோடொன்று முதுகு ஒட்டியவை. இரண்டு பக்கமும் சவ்வு. நடுவில் திருகு வைத்துக் கம்பி. இந்தக் காப்ஸ்யூலை மட்டும் தனியே அளந்தால் மேல் சுருதிகளில் (உயர் அதிர்வெண்களில்), 10 கிலோஹெர்ட்ஸ் பக்கம், கண்ணுக்குத் தெரியும் மேடு ஒன்று எழும். வடிவமைத்தவர்களுக்கு அது தெரியும். தெரிந்தே விட்டார்கள், ஏனென்றால் மைக்கின் உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபயரில் அதே இடத்தில் எதிர்ப் பின்னூட்டம் கொடுத்து மேட்டை இறக்கினார்கள். காப்ஸ்யூல் உயர்த்தித் தரும், சர்க்யூட் தாழ்த்தி விடும். அப்படித் தாழ்த்தும்போது சர்க்யூட்டின் சொந்த இரைச்சலும் மேல் பகுதியில் கூடவே தாழும். அருமையான ஏற்பாடு. 1967இல் வந்த யு87இலும் இதே ஏற்பாடுதான், வால்வுக்குப் பதில் ஃபெட் என்ற டிரான்சிஸ்டர் வகை.

இப்போது நம் வீட்டு மைக்குக்கு வருவோம். நாம் கட்டுவது பெரும்பாலும் ஷெப்ஸ் வகைச் சர்க்யூட். ஒரு ஃபெட், அதன் பின்னால் இரண்டு பிஎன்பி டிரான்சிஸ்டர், டிரான்ஸ்பார்மர் கிடையாது. கட்ட எளிது, இரைச்சல் குறைவு, 48 வோல்ட் ஃபேன்டம் பவரில் (மைக் கேபிள் வழியாகவே வரும் மின்சாரம்) ஓடும். ஆனால் அது நேர்கோட்டுச் சர்க்யூட். காப்ஸ்யூல் எதைத் தருகிறதோ அதை அப்படியே வெளியே அனுப்பும். ஷெப்ஸ் நிறுவனத்தின் சிறிய காப்ஸ்யூல்கள் தாமே சமமாக இருப்பவை, அவற்றுக்கு எதையும் தாழ்த்தத் தேவையில்லை. கே67ஐ அதில் மாட்டினால் மேடு அப்படியே நிற்கும். மலிவு விலையில் வந்து குவிந்த பெரிய சவ்வு மைக்குகளில் பலவற்றுக்கும் இருக்கும் அந்தக் கூர்மையான, கண்ணாடி கீறும் ஒலி இந்தப் பொருத்தமின்மையால் வருவது. வித்வான் கேட்ட தகரமும் இதுதான்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இது இன்னும் அதிகமாக உறுத்தும். "சனிக்கிழமை சாயங்காலம் சீனிவாசன் சந்தைக்குச் சென்றான்" என்று மைக் முன்னால் ஒரு தடவை சொல்லிப் பதிவு செய்து பாருங்கள். ஒவ்வொரு சகரமும் 5 முதல் 9 கிலோஹெர்ட்ஸ் வரை காற்றைச் சீறுகிறது. மேடு தொடங்குவதும் அங்கேதான். கதை வாசிக்கிறவர்கள், செய்தி வாசிக்கிறவர்கள், பாடுகிறவர்கள் எல்லாருமே இந்த மைக்கில் "ஸ்ஸ்" என்று பாம்பு வளர்ப்பார்கள். என் அக்காவின் குரலைப் பதிவு செய்தபோது "ஸ்வரம்" என்ற சொல் காதில் ஊசி குத்தியதுபோல வந்தது. சகரச் சீறலை அடக்கும் டீ-எஸ்ஸர் போட்டால் சீறல் அடங்கும், கூடவே குரலின் உயிரும் கொஞ்சம் அடங்கும்.

கே67 கெட்ட காப்ஸ்யூல் என்று நான் சொல்லவில்லை. உலகத்தின் பாதிப் பாடல்கள் இதன் குடும்பத்து மைக்குகளில்தான் பதிவாகியிருக்கும். அதற்குரிய பின்னூட்டச் சர்க்யூட்டைக் கட்டத் தயாராக இருப்பவர் தாராளமாக இதை வாங்கலாம். அது தெரியாமல் "பெரிய ஸ்டூடியோவில் இதுதானாம்" என்று வாங்கினால், பெரிய ஸ்டூடியோவின் பாதி மைக்கைத்தான் வாங்கியிருப்பீர்கள்.

கே47: பழைய தட்டையான குரல்

இதன் வேர் இன்னும் பழையது. 1928இல் வந்த நியூமனின் "பாட்டில்" மைக்குக்காக 1930களில் உருவானது எம்7 காப்ஸ்யூல். ஒரே பின்தட்டு, இருபுறமும் பிவிசி சவ்வு. 1949இல் வந்த புகழ்பெற்ற யு47 மைக்கில் முதலில் இருந்தது இந்த எம்7தான். பிவிசியின் குறை என்னவென்றால், ஆண்டுகள் ஆக ஆகக் காய்ந்து விறைத்துப்போகும். அதனால் 1950களின் கடைசியில் அதே தத்துவத்தில் மைலார் சவ்வோடு கே47 வந்தது. போரின்போது 1943இல் நியூமனின் தொழிற்சாலை பெர்லினிலிருந்து கெஃபெல் என்ற சிற்றூருக்கு மாறியது. அந்த ஊரில் தங்கிவிட்ட கிளை, மைக்ரோடெக் கெஃபெல் என்ற பெயரில், பின்னாளிலும் எம்7ஐ பிவிசியிலேயே செய்துகொண்டிருந்தது. ஒரு காப்ஸ்யூல் வடிவம் அரை நூற்றாண்டைத் தாண்டியும் கைவிடப்படாமல் இருந்தால் அதில் ஏதோ அடிப்படையான சரி இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நமக்கு இதில் முக்கியமானது, யு47இன் ஆம்ப்ளிஃபயரில் மேல் சுருதியைத் தாழ்த்தும் ஏற்பாடு எதுவும் இல்லை என்பது. அதாவது கே47 தன்னளவிலேயே பெருமளவு சமமாக ஒலிக்கும்படி செய்யப்பட்டது. நடுப்பகுதியில், 4, 5 கிலோஹெர்ட்ஸ் பக்கம், குரலை முன்னே நிறுத்தும் சிறு எழுச்சி உண்டு. அதற்கு மேலே கே67 போல மலை ஏறாது. ஆகவே எளிய ஷெப்ஸ் வகைச் சர்க்யூட்டில் மாட்டினாலும் நாணயமாக ஒலிக்கும். அதே வித்வானை, அதே அறையில், அதே இடத்தில் உட்கார வைத்து கே47 வகைக் காப்ஸ்யூலில் பதிவு செய்தேன். சாப்பில் தோலின் விரிப்பும் கரணையின் ஈரமும் கேட்டன. அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

விலைதான் இடிக்கும். கே47 நகல்கள் இரண்டு தரத்தில் கிடைக்கின்றன. சீனாவில் மொத்தமாகச் செய்யப்படுபவை சில ஆயிரம் ரூபாய்க்குள் வரும். அவற்றில் சவ்வின் இழுவை ஒன்றுக்கொன்று மாறுபடும், முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே அளவில் இருக்காது. மைக்ரோஃபோன்-பார்ட்ஸ் விற்கும் ஆர்கே-47, கனடாவின் ஏரியன் ஆடியோ, ஜெர்மனியின் தீர்ஷ் போன்றவை ஒவ்வொன்றாகச் சோதித்து விற்கப்படுபவை. அனுப்பும் செலவும் சுங்கமும் சேர்ந்தால் பத்தாயிரத்தைத் தாண்டிவிடும். 2020 நவம்பரில் அலிஎக்ஸ்பிரஸ் இந்தியாவில் தடை செய்யப்பட்ட பிறகு மலிவானதைக்கூட நேரடியாக வரவழைப்பது சுற்றுவழியாகிவிட்டது.

மலிவானதை வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இரண்டு பக்கமும் சவ்வு உள்ள காப்ஸ்யூலில் இரண்டில் எது நல்லதோ அதை முன்பக்கமாக்கிக்கொள்ளலாம். இதயவடிவத் திசை (முன்னாலிருந்து வரும் ஒலியையே அதிகம் வாங்குவது) மட்டும் போதுமென்றால் முன்சவ்வுக்கு மட்டும் மின்னூட்டம் கொடுத்து, பின்சவ்வைப் பின்தட்டோடு இணைத்துவிட்டால் போதும். இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பதிவு செய்து கேளுங்கள். எனக்கு வந்த ஒன்றில் இரண்டு பக்கத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்.

சி12 வகையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வியன்னாவின் ஏகேஜி 1953இல் வெளியிட்ட சி12 மைக்கின் சிகே12 காப்ஸ்யூல் ஓர் அற்புதம்: ஓரத்திலிருந்து கம்பி எடுப்பது, பின்தட்டுக்குள் நுணுக்கமாகச் சுருதி சேர்த்த அறைகள், மேல் சுருதிகளில் பட்டுப்போன்ற மென்மை. அந்த அறைகளைக் கடைவதுதான் கடினம், அதனால்தான் உண்மையானது விலை மிகுந்தது. மலிவில் "சி12 வகை" என்று விற்கப்படுபவற்றில் பல, கே67 பின்தட்டின் மேல் ஓரக்கம்பிச் சவ்வை இழுத்துக் கட்டியவை. பெயர் சி12, நடத்தை கே67. கையில் தாராளமாகப் பணம் இருந்தாலொழிய இந்தப் பக்கம் போகாதீர்கள்.

எலெக்ட்ரெட் என்றால் மட்டமா?

நம்மூரில் எலெக்ட்ரெட் என்றதும் டேப் ரெக்கார்டரின் மூலையில் இருந்த பட்டாணி அளவு மைக்தான் ஞாபகத்துக்கு வரும். காலர் மைக், ஃபோன் மைக், ஐம்பது ரூபாய்ச் சமாச்சாரம். அதனாலேயே "ட்ரூ கண்டென்சர்" என்ற சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு. இந்தப் பாகுபாடு நியாயமற்றது.

1962இல் பெல் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்ட்டும் செய்தது இவ்வளவுதான்: வெளியிலிருந்து 60 வோல்ட் கொடுப்பதற்குப் பதில், மின்னூட்டத்தை ஒரு பிளாஸ்டிக் படலத்துக்குள்ளேயே உறைய வைத்தார்கள். காந்தம் காந்தமாகவே இருப்பதுபோல அது மின்னூட்டத்தோடேயே இருக்கும். ஆரம்ப காலத்தில் அந்தப் படலமே சவ்வாகவும் இருந்ததால் சவ்வு கனத்துப்போனது, ஒலி மந்தமானது. பின்னாளில் மின்னூட்டப் படலத்தைப் பின்தட்டின் மேல் ஒட்டி, சவ்வை மெல்லிய மைலாராகவே விட்டார்கள். அந்த வகையில் சவ்வின் அசைவுக்கும் "ட்ரூ" கண்டென்சரின் அசைவுக்கும் இயற்பியலில் வேறுபாடு கிடையாது.

கையால் மைக் கட்டுகிறவர்களிடையே இதில் பேர்பெற்றது டிரான்ஸ்சவுண்டின் டிஎஸ்பி-2555பி, சுமார் 25 மில்லிமீட்டர். உள்ளே ஃபெட் கிடையாது, வெறும் காப்ஸ்யூல், ஒரே சவ்வு, இதயவடிவத் திசை. அமெரிக்காவில் ஜேஎல்ஐ கடை இதையே தன் பெயரில் விற்கிறது. காப்ஸ்யூலின் விலை ஆயிரம் ரூபாய்ச் சுற்றில்தான். பாலரைசேஷன் வோல்ட்டேஜ் (மின்னூட்டம் ஏற்ற வெளியிலிருந்து கொடுப்பது) தேவையில்லை என்பதால், ஃபேன்டம் பவரிலிருந்து 60 வோல்ட் உருவாக்கும் ஆஸிலேட்டர் பகுதி முழுவதும் மிச்சம். ஒரு ஃபெட், இரண்டு டிரான்சிஸ்டர், ஒரு ஜிகாஓம் ரெசிஸ்டர், கைக்கு அடங்கும் இன்னும் சில சில்லறைப் பாகங்கள். இரண்டு மாலை போதும். கூட்டுக்கு, ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்ச் சுற்றில் கிடைக்கும் பிஎம்-800 மைக்கை வாங்கி உள்ளே இருப்பதைக் கழற்றிப்போட்டால் கூடு, வலை, எக்ஸ்எல்ஆர் சாக்கெட் மூன்றும் தயார்.

ஒலி எப்படி? மேல் சுருதிகளில் மிதமான வெளிச்சம், நடுவில் நிதானம். கே47இன் கனம் இதில் இல்லை. ஆனால் எங்கேயும் குத்தாது. ஒரே சவ்வு என்பதால் கீழ்ச் சுருதிகளிலும் திசை கறாராக இருக்கும், அதனால் வாயை மிக நெருக்கினால் கீழ்ச் சுருதி வீங்கும். இரட்டைச் சவ்வுக் காப்ஸ்யூல்கள் கீழ்ச் சுருதியில் கொஞ்சம் எல்லாத் திசைக்கும் நெகிழ்ந்துவிடுவதால் அவற்றில் இந்த வீக்கம் குறைவு. இதில் ஒரு சாண், ஒன்றரைச் சாண் தள்ளி நின்று பேசுங்கள். "பப்பாளிப் பழம்" என்று சொன்னால் பகரங்கள் வெடிக்காமல் இருக்கும் தூரம்தான் சரியான தூரம்.

இரைச்சலைப் பற்றி எல்லாரும் கவலைப்படுவார்கள். கணக்கைப் பாருங்கள். யு87இன் இப்போதைய மாடலின் சொந்த இரைச்சல் 12 டெசிபல். நியூமனின் இன்னொரு மைக்கான டிஎல்எம் 103க்கு 7. இவையெல்லாம் காதின் உணர்வுக்கு ஏற்ப எடையிட்ட ஏ அளவில். நம் வீடுகளில் ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, ஃபிரிட்ஜையும் அணைத்த நள்ளிரவில்கூட அறை 30 டெசிபலுக்குக் கீழே இறங்குவது அபூர்வம். 7க்கும் 12க்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்க முதலில் ஒலிபுகாத அறை வேண்டும். ஐந்து டெசிபலுக்காகப் பத்தாயிரம் செலவழிக்கிறவர் அதில் பாதியைக் கனமான திரைக்கும் பஞ்சு மெத்தைக்கும் செலவழித்தால் பதிவு அதைவிடத் தேறும்.

எல்லாத் திசையிலிருந்தும் கேட்கும் சிறிய எலெக்ட்ரெட்களில் ப்ரைமோவின் இஎம்272 சிறந்தது. வெறும் 10 மில்லிமீட்டர் அளவில் 14 டெசிபல் இரைச்சல்தான். பறவைக் குரல், மழை, தோப்புக் காற்று பதிவு செய்கிறவர்களுக்கு அதைவிட நல்ல பொருள் இந்த விலையில் இல்லை. வீட்டு அறையில் குரலுக்கு வேண்டாம். சுவரின் எதிரொலி முழுவதையும் அள்ளிக்கொண்டு வரும்.

கார்த்திகை மழையில் வந்த பொரிச்சத்தம்

நான் இருப்பது சென்னையில், கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள். பெரும்பாலான வழிகாட்டிக் கட்டுரைகள் ஈரம் என்றால் என்னவென்றே தெரியாத ஊர்களில் எழுதப்பட்டவை. அதனால் இந்தப் பகுதியை நானே பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

என் கே47 மைக் ஆறு மாதம் பிரமாதமாக வேலை செய்தது. வடகிழக்குப் பருவமழை பிடித்த இரண்டாவது வாரம், இரவு பத்து மணிக்கு ஹெட்ஃபோனில் முதலில் ஒரு "பட்". பிறகு இரண்டு நிமிடம் மௌனம். பிறகு சட்டியில் பொரி பொரிவதுபோல விட்டு விட்டு. சாலிடர் விட்டுப்போனதோ என்று மூன்று இடத்தில் மறுபடி ஒட்டினேன். அப்படியேதான் இருந்தது. கடைசியில் 40 வாட் பல்பின் அருகே ஒன்றரை மணி நேரம் வைத்து எடுத்தேன். சத்தம் போயே போய்விட்டது. மறுநாள் மாலை மறுபடி வந்தது.

காரணம் இது. 60 பிகோஃபாரட் காப்ஸ்யூல் கீழ்ச் சுருதிகளையும் விடாமல் தர வேண்டுமென்றால், அதிலிருந்து கசிவு கிட்டத்தட்ட இருக்கவே கூடாது. அதனால்தான் ஒரு ஜிகாஓம், அதாவது நூறு கோடி ஓம் ரெசிஸ்டர். அந்த முனைக்குப் பக்கத்தில் ஒரு விரல்ரேகை, துடைக்காத ஃபிளக்ஸ் (சாலிடர் பசை), உப்புக்காற்றின் படிவு எது இருந்தாலும் ஈரம் ஏறியதும் அதுவே ஒரு ரெசிஸ்டராகிவிடும். எதிர்ப்பு 100 மெகாஓமுக்கு இறங்கினால் கேட்கும் அலைவரிசையில் இரைச்சல் 10 டெசிபல் ஏறும். வெளியிலிருந்து 60 வோல்ட் கொடுக்கும் காப்ஸ்யூலில் இதற்கு மேலும் ஒன்று உண்டு. அந்த 60 வோல்ட்டும் வளையத்துக்கும் தட்டுக்கும் நடுவே உள்ள பிளாஸ்டிக்கின் மேற்பரப்பு வழியே துளித்துளியாகக் கசியும். ஒவ்வொரு துளியும் ஒரு "பட்".

எலெக்ட்ரெட்டில் இந்த இரண்டாவது தொல்லை மிகக் குறைவு. மின்னூட்டம் உறைந்த படலத்துக்குள் இருக்கிறது. முனைகளுக்கு நடுவே கசிவதற்கு நிலையான வோல்ட்டேஜ் கிடையாது. என் எலெக்ட்ரெட் மைக் மூன்று மழைக்காலங்களைப் பொரியாமல் தாண்டிவிட்டது. கடலோரத்தில் இருக்கிறவர்களுக்கு இது ஒன்றே போதுமான காரணம் என்று நினைக்கிறேன். சென்ஹைசரின் எம்கேஹெச் வரிசை ரேடியோ அலை முறையில் இந்தச் சிக்கலை வேரோடு தீர்க்கிறது, ஆனால் அதை வீட்டில் கட்டுவது நம் சக்திக்கு அப்பாற்பட்டது.

என் கே47ஐயும் காப்பாற்றிவிட்டேன். காப்ஸ்யூல் கம்பி, ஃபெட்டின் கேட் கால், ஜிகாஓம் ரெசிஸ்டரின் ஒரு முனை, மூன்றையும் போர்டிலிருந்து தூக்கிக் காற்றிலேயே சேர்த்து ஒட்டினேன். ஐசோபிரபைல் ஆல்கஹாலில் போர்டை இருமுறை கழுவி வெயிலில் காய வைத்தேன். ரெசிஸ்டரின் உடலைக் கைபடாமல் சாமணத்தால் மட்டும் பிடித்தேன். பதிவு முடிந்ததும் சிலிகா ஜெல் போட்ட மூடி இறுகும் டப்பாவுக்குள் போய்விடும், நீலம் வெளுத்ததும் ஜெல்லை வறுத்துப் போடுவேன். அதன் பிறகு சத்தம் இல்லை. ஆனால் இந்தச் சிரத்தை ஒவ்வொரு நாளும் வேண்டும். ரிச்சி தெருவில் ஜிகாஓம் ரெசிஸ்டர் கேட்டால் 10 மெகாஓமை எடுத்து நீட்டுவார்கள். அது உதவாது, இதையும் காப்ஸ்யூலோடு சேர்த்தே வெளியிலிருந்து வரவழைத்துவிடுங்கள்.

இன்னொன்று. சவ்வின் மேல் தூசி தெரிந்தால் ஊதாதீர்கள். நான் ஊதினேன். கண்ணுக்குத் தெரியாத எச்சில் துளி ஒன்று தங்கத்தின் மேல் காய்ந்து கறையானது, அந்தக் காப்ஸ்யூலின் ஒரு பக்கம் அன்றோடு போயிற்று. தூசி தூசியாகவே இருக்கட்டும், அதனால் ஒலிக்கு ஒன்றும் ஆகாது.

அப்படியானால் எதை வாங்குவது?

முதல் மைக் கட்டுகிறவர், குரலோ வீணையோ பதிவு செய்ய, கடலோர ஊரில் இருக்கிறவர்: 25 மில்லிமீட்டர் எலெக்ட்ரெட். எனக்கு இதில் தயக்கமே இல்லை. சர்க்யூட் எளிது, தவறு செய்தாலும் நஷ்டம் குறைவு, ஒலி நேர்மையானது. பேச்சுப் பதிவு, பாடம் நடத்துவது, ஒலிநூல் வாசிப்பது போன்றவற்றுக்கு இதற்கு மேல் போக வேண்டிய அவசியமே வராமல் போகலாம்.

ஒரு மைக் கட்டி முடித்துக் கை பழகியவர், ஆண் குரலின் கனமும் தோல்வாத்தியத்தின் உடலும் வேண்டுமென்கிறவர்: சோதித்து விற்கப்படும் கே47. 45 வோல்ட்டில் ஓட்டுவதைவிட 60 வோல்ட்டில் ஓட்டினால் இரண்டரை டெசிபல் கூடுதல் சத்தம் கிடைக்கும். அதற்கு மேல் ஏற்றாதீர்கள், சவ்வு தட்டில் போய் ஒட்டிக்கொள்ளக்கூடும். கூட்டின் வலையும் பெரிதாக இருக்கட்டும். நெருக்கமான வலைக்குள் ஒலி எதிரொலித்துக் காப்ஸ்யூலின் குணத்தையே கெடுக்கும். பிஎம்-800 கூடு எலெக்ட்ரெட்டுக்குப் போதும், இதற்குப் போதாது. கோயம்புத்தூர், மதுரை போல உலர்ந்த காற்றுள்ள ஊர்க்காரர்கள் என்னைவிடக் கொடுத்து வைத்தவர்கள், இவர்கள் நேராக இதிலேயே தொடங்கினாலும் தப்பில்லை.

கே67ஐ ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறவர்கள் அதைத் தூக்கிப்போட வேண்டாம். யு87 வகைப் பின்னூட்டத்தோடு கூடிய சர்க்யூட் போர்டுகள் கிட்டாகக் கிடைக்கின்றன. கட்ட முடிந்தால் அதுதான் முறையான வழி. முடியாதென்றால், மேட்டைத் தாழ்த்துவது மைக்குக்குள்தான் நடக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பதிவு மென்பொருளில் சுருதிகளை ஏற்றி இறக்கும் ஈக்யூவில் 10 கிலோஹெர்ட்ஸை நடுவாக வைத்து அகலமாக நாலைந்து டெசிபல் இறக்குங்கள். அதையே அந்த மைக்கின் நிரந்தர அமைப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள். கூடவே மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் மூக்கு உயரத்தில், பதினைந்து இருபது டிகிரி பக்கவாட்டில் திருப்பி வையுங்கள். பெரிய சவ்வு பக்கவாட்டு ஒலியின் மேல் சுருதியைத் தானே குறைத்துத்தான் வாங்கும். என் முதல் மைக் இப்போது இப்படித்தான் நிற்கிறது. மிருதங்கத்துக்கு இன்னும் அதை எடுப்பதில்லை. அக்காவின் வீணைக்கு, தந்தியிலிருந்து இரண்டு முழம் தள்ளி, தினமும் எடுக்கிறேன்.